சைக்கிள் டைனமோவும் குரற்பதிவும்

1991ஆம் ஆண்டு தை மாதத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் ஒரு சிறு கிராமத்துப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியனாக நான் கடமையேற்ற அன்று, அதிபர் என்னிடம் ஒப்படைத்த உபகரணங்கள் மூன்று: பாதி காலியான ஒரு வெண்கட்டிப் பெட்டி, முதலும் கடைசியும் கழன்றுபோன ஒரு பாடநூல், ஊரைவிட்டு வெளிநாடு போன எவரோ பாடசாலைக்கென்று கொடுத்துச் சென்ற ஒரு கசற் றெக்கோடர். முந்திய ஆண்டு ஆனி மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டதிலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. அதனோடு வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல், மண்ணெண்ணெய், சீமெந்து முதலியவற்றோடு கைவிளக்குக்கும் வானொலிக்கும் போடும் பற்றரியும் சேர்ந்திருந்தது. ஆதலால் அந்த மூன்றாவது உபகரணம் பேசாது என்பதை அதிபர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேசைமேல் வைத்துத் துணியால் ஒருமுறை துடைத்து, என் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டார்.

அக்காலத்தில் பிள்ளைகள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு கம்பியிலே திரியைத் தூக்கி நிறுத்தினால், ஒரு மேசையைச் சுற்றி நான்கு பிள்ளைகள் தலைசேர்த்துப் படிக்கப் போதிய வெளிச்சம் கிடைக்கும். கொப்பி கிடைப்பது அருமையாகையால், பழைய வினாத்தாள்களின் வெறும்பக்கத்தில் எழுதினார்கள்; கரும்பலகைக்கு நாங்களே சிரட்டைக்கரியை இலைச்சாற்றோடு அரைத்துப் பூசினோம். கணிதமும் சமயமும் இந்த ஏற்பாட்டில் ஒருவாறு நடந்தன. ஆங்கிலம் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதைக் கண்டுகொள்ள எனக்கு ஏறக்குறைய ஓராண்டு சென்றது. அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

அந்நிய பாஷையைக் கற்பிப்பவனுக்குப் பொருள் சொல்வது சிரமமான காரியமன்று. இலக்கணமும் காலக்கிரமத்தில் வந்துவிடும். சிரமமெல்லாம் காதில் இருக்கிறது. குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குப்பைக் கூடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் 'பின்' என்றே வரும். ஆங்கிலம் பேசுபவனுக்கு அவை இருவேறு சொற்கள். தமிழ்க் காதுக்கோ, பயிலும் வரைக்கும், அவை ஒரே சொல். எனவே தமிழெழுத்தில் ஆங்கிலத்தை எழுதி மனனஞ்செய்விக்கும் கையேடுகள் எத்தனை வந்தாலும், பிள்ளையின் காதிலே அந்த வேற்றுமை விழாதவரையில், எழுத்து அவனுக்கு ஒருகாலும் உதவாது. சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதும் அத்தகையதே. புகைப்படத்தைக் குறிக்கும் சொல்லில் முதலசையில் விழும் அழுத்தம், புகைப்படக் கலையைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடுகிறது. இதைச் சூத்திரமாகச் சொன்னால் பிள்ளை எழுதிக்கொள்வான். பேச வேண்டிய இடத்தில் பழையபடியே பேசுவான்.

இவ்விடத்தில் நம்மவர் பலர் அறியாத ஒரு சிறப்பையும் சொல்ல விரும்புகிறேன். 'பெற்றோர்', 'காற்று' என்னும் சொற்களில் வரும் இரட்டை றகரத்தை யாழ்ப்பாணத்தார் உச்சரிக்கும்போது நாக்கின் நுனி மேற்பல்லின் பின்புற மேட்டில் தொடுகிறது. ஆங்கிலேயனின் 'ரீ' என்னும் எழுத்தொலி பிறப்பதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். அதனாலேயே நாம் அந்த ஒலியை டகரத்தால் எழுதாமல், 'ரீச்சர்' என்றும் 'ரிக்கெற்' என்றும் எழுதும் வழக்கம் கொண்டோம். அந்த ஒலியை எங்கள் பிள்ளைகளுக்கு நான் ஒருநாளும் கற்பித்ததில்லை. தாய்மார் ஏற்கெனவே கற்பித்துவிட்டிருந்தார்கள். உச்சாரணத்துக்குப் பயந்து வாய்திறவாதிருந்த வகுப்பில் இதைச் சொல்லி, 'உங்கள் நாக்கில் பாதி ஆங்கிலம் இருக்கிறது' என்று தைரியமூட்டியது எனக்கு முதலில் பலன்தந்த உபாயம்.

ஆனாலும் நானும் அந்த ஊரிலேயே பிறந்து, புத்தகத்திலேயே ஆங்கிலத்தைப் பெரும்பாலும் பயின்றவன். என் ஒரு குரலை மாத்திரம் கேட்டு வளரும் பிள்ளை என் பிழைகளையும் சேர்த்தே கற்கும் என்ற கவலை என்னை உறுத்திக்கொண்டிருந்தது. வேற்றுக் குரல் வேண்டும். அது அந்த றெக்கோடருக்குள் அடைபட்டுக் கிடந்தது.

வழி காட்டியவர்கள் ஊர் இளைஞர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைப் பொருத்தி, பெடலைக் கையால் சுற்றி, அதில் எழும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்பது அன்று குடாநாடெங்கும் வீட்டுக்கு வீடு கண்ட காட்சி. லண்டன் பி.பி.சி.யின் தமிழோசைக்காக மாலைதோறும் சுற்றிய அந்தச் சில்லை, எட்டாந்தர வகுப்பின் ஆங்கிலப் பாடத்துக்காகவும் சுற்றினோம். டைனமோவிலிருந்து வருவது மாறுதிசை மின்னோட்டமாகையால், அதை நேராக்க இரண்டு மூன்று டயோட்டுக்களைச் சேர்த்து ஒரு சிறு பலகையில் பற்றவைத்துத் தந்தவர் சந்தியிலிருந்த வானொலி திருத்தும் கடைக்காரர், காசு வாங்கவில்லை. சுற்றுபவன் களைத்தால் ஒலிநாடாவிலுள்ள ஆங்கிலப் பெண்மணியின் குரல் தடித்து இழுபட்டு ஆணின் குரலாகும்; உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் கீச்சிடும். குரல் குரலாக இருக்கவேண்டுமானால் கை ஒரே சீராகச் சுழல வேண்டும். இதில் நான் எதிர்பாராத பயன் ஒன்று விளைந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் எவனாலும் சுற்ற முடியாதாகையால், எந்தப் பத்து நிமிடத்தை எதற்காகக் கேட்கப்போகிறோம் என்பதை முன்னதாகத் தீர்மானித்துக்கொண்டே நான் வகுப்புக்குள் போனேன். கேட்பதற்கு முன் பதினைந்து நிமிட ஆயத்தம். கேட்டபின் பதினைந்து நிமிடம் பிள்ளைகள் தங்களுக்குள் அதைப் பேசிப் பார்ப்பது. பிற்காலத்தில் மின்சாரம் தாராளமாகக் கிடைத்த நாட்களில் அந்தக் கட்டுப்பாடு என்னிடம் தளர்ந்துபோனதை ஒப்புக்கொள்கிறேன்.

1995 ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்த சனத்திரளில் நானும் ஒருவன். றெக்கோடர் பாடசாலையில் நின்றுவிட்டது. திரும்பிவந்தபோது அது இல்லை. அக்காலத்தில் மனிதர்களை இழந்தவர்கள் பலர் இருக்க, ஒரு கருவியைப் பற்றி மேலும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

2002ஆம் ஆண்டு குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது, சாமான்கள் வந்தன, கணினி வந்தது. 2009இல் யுத்தம் முடிந்தபின், மும்மொழி இலங்கை என்னும் பத்தாண்டுத் திட்டம் 2012 தையில் கொழும்பில் தொடங்கப்பட்டபோது, அப்துல் கலாம் அவர்கள் வந்து பேசினார். நான் அப்பொழுது மாற்றலாகியிருந்த பாடசாலைக்கும் சில காலத்தில் ஒரு மொழிக்கூடம் கிடைத்தது: குளிரூட்டி பூட்டிய அறை, கண்ணாடித் தடுப்புகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு திரையும் காதுக்கருவியும். உள்ளே முதன்முதலாக நுழைந்த அன்று, டைனமோச் சில்லின் சத்தம் என் ஞாபகத்தில் எழுந்து, கண் கலங்கியது. ஆனால் அந்த அறையின் திறப்பு அலுவலகத்தில் இருந்தது; மென்பொருளின் அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது; பொருத்தித் தந்தவர்கள் பழுதுபார்க்க இரண்டாம் முறை வரவில்லை. மூன்றாம் ஆண்டில் காதுக்கருவிகளில் பாதி ஊமையாயின. விலைகூடிய சாமான் பழுதானால் பொறுப்பு யாருடையது என்ற பயத்தினால், பிறகு திறப்பு கேட்பதையே ஆசிரியர்கள் விட்டுவிட்டார்கள். நானும் விட்டேன். அது நான் செய்த தவறு.

2020 பங்குனியில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எல்லோரையும்போல நானும் கைத்தொலைபேசியில் நேரலை வகுப்பு நடத்த முயன்றேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில் தோன்றியவர்கள் ஒன்பது பேர். அவர்களிலும் நால்வரின் முகம் இடையிலே உறைந்துபோகும். மற்றப் பிள்ளைகளின் வீட்டில் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி. அதுவும் கூலிவேலைக்குப் போகும் தகப்பனோடு அல்லது தாயோடு பகல் முழுவதும் வெளியே இருக்கும். இரவு எட்டு மணிக்கு அது வீடு திரும்பும்போது என் வகுப்பு முடிந்து பத்து மணித்தியாலம் ஆகியிருக்கும். அப்பொழுது நான் நேரலையை நிறுத்திவிட்டு, ஒரு நிமிடத்துக்கு மேற்படாத குரற்பதிவுகளை அனுப்பத் தொடங்கினேன். ஒரு நிமிடக் குரல் செலவழிக்கும் தரவு சொற்பம். நாற்பது நிமிட நேரலை வகுப்பு செலவழிப்பது அதன் பல நூறு மடங்கு. குரலாயின் எட்டு மணிக்கும் கேட்கலாம், பத்து மணிக்கும் கேட்கலாம், ஒன்பது தரமும் கேட்கலாம். பிள்ளைகளும் அவ்வாறே ஒரு நிமிடம் பேசி எனக்கு அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள்; இரண்டு ஆண்டுகளில் அவளுடைய குரலை நான் கேட்டதில்லை. எழுப்பி நிறுத்தினால் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், கண்ணீர் வரும், நான் உட்காரச் சொல்லிவிடுவேன். அவளிடமிருந்து ஒரு இரவு குரற்பதிவு வந்தது. தன் வீட்டுக் கோழிகளைப் பற்றி, நாற்பது விநாடி, ஆங்கிலத்தில், அழுத்தம் பிசகாமல் பேசியிருந்தாள். பாடசாலை திறந்தபின், எப்படி அம்மா உன்னால் முடிந்தது என்று கேட்டேன். "சேர், நான் பதினொரு தரம் அழிச்சுப்போட்டுப் பன்னிரண்டாந் தரந்தான் அனுப்பினனான்" என்றாள். பிழைவிட்டால் எவரும் பார்க்காத ஓரிடத்தில் பதினொரு முறை பிழைவிடும் சுதந்திரத்தை நான் அவளுக்கு வகுப்பறையில் ஒருநாளும் கொடுத்ததில்லை. முப்பது வருட அனுபவத்தில் நான் செய்யாததை அந்தச் சிறிய கருவி செய்தது. தொழில்நுட்பத்தைப் பற்றி நான் இன்று கொண்டிருக்கும் மதிப்பு முழுவதும் அந்தப் பதிலிலிருந்து பிறந்தது.

பிறகு 2022 வந்தது. அந்நியச் செலாவணி வற்றி, சித்திரை 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. பங்குனி இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. அச்சிடக் கடதாசியில்லாமல் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. பொருட்களின் விலையேற்றம் புரட்டாதியில் ஆண்டுக்கு 70 வீதத்தை எட்டியது. 87 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஆவணியில் ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. எரிபொருள் இல்லாமையால் ஆடி மாதத்தில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டு, 25ஆம் திகதி மீண்டும் திறந்தபோது, திங்கள், செவ்வாய், வியாழன் ஆகிய மூன்று நாட்களே வகுப்பு. மற்ற இரண்டு நாளும் வீட்டிலிருந்து கற்பது என்றார்கள். முதல் தடை யுத்தத்தினால் ஒரு குடாநாட்டின்மீது விழுந்தது. இது நாடு முழுவதன்மீதும் விழுந்தது. ஆனால் செயலட்டையின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஒரு தாளை எத்தனை பிள்ளைகளுக்குப் பகிரலாம் என்று எண்ணி நின்ற ஆசிரியனுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

மொழிக்கூடத்தின் கதவு அந்த ஆண்டு முழுவதும் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. மின்சாரம் வந்த நேரத்தில் பிள்ளைகள் இல்லை; பிள்ளைகள் வந்த நேரத்தில் மின்சாரம் இல்லை; உதிரிப்பாகத்தை இறக்குமதி செய்யப் பணமும் இல்லை. குரற்பதிவு மாத்திரம் நின்றுபோகவில்லை. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, மின்சாரம் இருக்கும் மணித்தியாலத்தில் நான் மூன்று பதிவுகளை ஆயத்தஞ்செய்து அனுப்பிவிடுவேன். தொலைபேசி உள்ள வீட்டை நடுவாக வைத்து, அண்டையிலுள்ள நான்கைந்து பிள்ளைகள் மாலையில் கூடிக் கேட்பதென்று தாய்மாரோடு பேசி ஒழுங்கு செய்தோம். "கரண்ட் வந்தாப்பிறகுதான் பிள்ளையள் அனுப்புவினம், சேர், கோபியாதேங்கோ" என்று ஒரு தாய் அழைத்துச் சொன்னார். நள்ளிரவு தாண்டியும் பதிவுகள் வந்துகொண்டிருக்கும். இருட்டில் பேசியவை ஆதலால் பின்னணியில் தவளைச் சத்தமும், சில வேளை தகப்பனின் இருமலும் கேட்கும். அவை ஒவ்வொன்றையும் கேட்டு, பெயர்சொல்லிப் பதில் அனுப்பிய பிறகே படுக்கப்போனேன். பதில் வராத குரலைப் பிள்ளை மறுவாரம் அனுப்பாது என்பதை முதல் மாதத்திலேயே கண்டுவிட்டேன்.

பழைய கதையைக் கேட்டிருந்த ஒரு பையன், டைனமோவினால் தொலைபேசிக்கு மின்னேற்ற முடியாதா என்று கேட்டான். தாத்தாவின் சைக்கிளிலிருந்து கழற்றியும் வந்தான். பொருத்திப் பார்த்தோம். 3 வாற் டைனமோவினால் தொலைபேசியின் பற்றரியை நிரப்பச் சில மணித்தியாலம் ஓயாமல் சுற்ற வேண்டும் என்று கணக்கிட்டதும், நான் அதைக் கழற்றி அவனிடமே கொடுத்துவிட்டேன். காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் மயங்கிவிழுந்த காலம் அது. காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளையைச் சில்லுச் சுற்றச் சொல்வது பாவம். அந்த மாதங்களில் எங்கள் பாடசாலையில் ஆங்கிலத்துக்கு நடந்த மிகப்பெரிய உதவி எது என்று கேட்டால், பழைய மாணவர் சிலர் சேர்ந்து கொடுத்த காலைக் கஞ்சி என்பேன். கஞ்சி குடித்த வகுப்பு வாய் திறந்தது. குடிக்காத வகுப்பு திறக்கவில்லை.

அதே ஆண்டில் ஆங்கிலத்தின்மீதும் பிற அந்நிய பாஷைகளின்மீதும் சனங்களுக்கு என்றுமில்லாத ஆவல் பிறந்தது. கொரிய மொழி, யப்பானிய மொழி, ஜேர்மன் மொழி என்று விளம்பரப் பலகைகள் சந்திதோறும் முளைத்தன. 2022இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழில்தேடி நாட்டை விட்டுச் சென்றார்கள். அரச ஊழியர் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றுநிருபம் வந்ததும், என்னோடு கற்பித்த இருவர் போய்விட்டார்கள். அவர்களுடைய வகுப்புகளும் என் தலையில் விழுந்தன. அவர்களை நான் குறைகூற மாட்டேன். அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளுக்குப் பால்மா வாங்க முடியாதென்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்: தப்பிப்போவதற்காக மாத்திரம் ஒரு பாஷையைக் கற்கும் பிள்ளையின் குரலில் ஒரு நடுக்கம் இருக்கிறது. அது நேர்முகத்துக்கான விடைகளை மனனஞ்செய்கிறது. கோழியைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தப் பாஷையில் தன் வீட்டையும் வயலையும் கோவில் திருவிழாவையும் சொல்லக்கூடிய பிள்ளை போனாலும் நன்றாக இருக்கும், ஊரில் நின்றாலும் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆகையினால் என் குரற்பதிவுகளில் விமான நிலையத்தை வைக்கவில்லை. பனங்கிழங்கு அவிப்பதை வைத்தேன்.

நான் கடமையாற்றிய காலம் முழுவதும் க.பொ.த. சாதாரணதர ஆங்கிலத்துக்கு இரண்டு வினாத்தாள்கள் இருந்தன. இரண்டும் எழுத்துத் தாள்கள். பன்னிரண்டாந் தரம் பேசி அனுப்பிய அந்தப் பெண்பிள்ளையின் நாற்பது விநாடிக்குப் பரீட்சையில் ஒரு புள்ளியும் இல்லை. பரீட்சையில் இல்லாததைப் பெற்றோர் கேட்பதில்லை. பெற்றோர் கேட்காததை அதிபர் கேட்பதில்லை. கேட்டலுக்கும் பேச்சுக்கும் புள்ளி வைத்தாலன்றி, இனி எத்தனை கூடங்கள் கட்டினாலும் அவற்றின் திறப்பு அலுவலக மேசைக்குள்ளேயே கிடக்கும். கருவி வாங்கிக் கொடுக்கும் பெரியோர்களிடம் நான் கேட்பதும் அதிகமன்று: வாங்குமுன், அந்த வகுப்பின் மிக ஏழைப் பிள்ளையின் வீட்டில், மின்சாரம் போன இரவொன்றில், அந்தக் கருவியால் என்ன பயன் என்று கேட்டுப் பாருங்கள்.

2024 முடிவில் நான் ஓய்வுபெற்றபோது என் தொலைபேசியில் பிள்ளைகளின் பதிவுகள் நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. என்னுடைய பதிவுகளை மாத்திரம் தனியாகப் பிரித்து, எனக்குப் பின் அந்த வகுப்பை ஏற்ற ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "இதை நான் என்ர குரலிலதான் திருப்பிச் சொல்லி அனுப்புவன், சேர்" என்றார். அதுவே சரி. இதை வாசிக்கும் ஆசிரியர்களே, இன்றிரவு உங்கள் வகுப்புக்கு உங்கள் குரலிலே ஒரு நிமிடம் பேசி அனுப்புங்கள். திரும்பி வருவதை ஒன்றுவிடாமல் கேட்டு, பெயர்சொல்லிப் பதில் அனுப்புங்கள்.